வியாழனின் நீலக்கரை

மொட்டை மாடியில் தொலைநோக்கி வைத்து வியாழனைப் படம் பிடிக்கத் தொடங்குகிறவர்கள் எல்லாருக்கும் வரும் சந்தேகம் ஒன்று உண்டு: கோளின் மேல் ஓரத்தில் நீலமும் கீழ் ஓரத்தில் சிவப்பும் வேட்டிக்கரை மாதிரி ஏன் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன? முப்பது வருஷத்துக்கு முன்பு என்றால், "லென்ஸ் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். இன்று பெரும்பாலும் குற்றவாளி காற்று.

லென்ஸ் மீதான பழி பழையது, நியாயமானதும்கூட. ஒற்றை லென்ஸில் நீல ஒளி முன்னதாகவும் சிவப்பு சற்றுத் தள்ளியும் குவியும். குவியத் தூரத்தை நீட்டினால் குறை அவ்வளவாகத் தெரியாது என்பதற்காக, 17ஆம் நூற்றாண்டில் டான்சிக் நகரத்து ஹெவேலியஸ் 150 அடி நீளத் தொலைநோக்கி கட்டினார். நியூட்டன் லென்ஸையே கைவிட்டு 1668இல் ஆடிக்கு மாறினார். கிரவுன், பிளின்ட் என்ற இரு வகைக் கண்ணாடிகளைச் சேர்த்த இரட்டை லென்ஸுக்கு லண்டனில் ஜான் டாலண்ட் 1758இல் காப்புரிமை பெற்றார். அதிலும் கொஞ்சம் ஊதா மிஞ்சும். மஞ்சள் ஃபில்டர் போட்டால் ஊதா போய்விடும், கோளும் மஞ்சளாகிவிடும்!

ஃபிலிம் காலத்தில் காற்றைப் பற்றி யாரும் அதிகம் கவலைப்படவில்லை. ஓரிரு விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால், அதற்குள் காற்றலை கோளைக் குலுக்கி மெழுகிவிடும். பெரிய சிவப்புப் புள்ளி தெரிந்தாலே கொண்டாட்டம். அந்த மங்கலில் மெல்லிய நிறக்கரை யார் கண்ணில் படும்?

2000களின் தொடக்கத்தில் சாதாரண வெப்கேமும் ரெஜிஸ்டாக்ஸ் மென்பொருளும் வந்து ஆட்டத்தை மாற்றின. வீடியோவாக எடுத்து, நல்ல ஃபிரேம்களை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூர்மையாக்குவது வழக்கமானது. படம் கூர்மையானதும் கரையும் வெளியே வந்தது. ஆடித் தொலைநோக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் பெரிய குழப்பம். ஆடி நிறத்தைப் பிரிக்காதே!

பிரிப்பது வளிமண்டலம். அது ஒரு பெரிய முப்பட்டகம். நீலத்தைச் சற்று அதிகமாக வளைத்து மேலே தூக்கிவிடுகிறது. கோள் 30 டிகிரி உயரத்தில் நின்றால் ஊதாவுக்கும் அடர் சிவப்புக்கும் இடையே இரண்டு விகலைக்கு (ஆர்க்செகண்ட்) மேல் விலகல். நல்ல எட்டு அங்குலத் தொலைநோக்கியோ அரை விகலைக்குச் சற்று மேலான நுணுக்கம் வரை பிரித்துக் காட்டும்.

முதலில் கண்ட மருந்து, சிவப்பு, நீல அடுக்குகளை மென்பொருளில் நகர்த்திப் பச்சையோடு பொருத்துவது. கரை மறையும். ஆனால் ஒவ்வொரு நிறப்பட்டைக்குள்ளும் ஒளி மேலும் கீழுமாக இழுபட்டே பதிவாகியிருக்கும். அதை நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. ஒளி கேமராவுக்குள் போகும் முன்பே திருத்துவதுதான் என் கணக்கில் சரியான வைத்தியம்.

அதற்குத்தான் ஏடிசி (Atmospheric Dispersion Corrector) என்ற வளிமண்டல நிறப்பிரிகைத் திருத்தி. உள்ளே இரண்டு மெல்லிய முப்பட்டகங்கள், வெளியே இரண்டு நெம்புகோல்கள். பார்லோ லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டி, கருவியை அடிவானத்துக்கு இணையாக வைத்து, நெம்புகோல்களை எதிரெதிர்த் திசையில் மெல்ல விலக்க வேண்டும். மடிக்கணினித் திரையில் நீலப்பிறை சுருங்கிக்கொண்டே வரும். ஒரு மயிரிழை தாண்டினால் நீலம் கீழ்ப்பக்கம் முளைக்கும். கோள் ஏற ஏற மறுபடி தொட்டுச் சரிசெய்ய வேண்டும். இந்த யோசனையை வானியலாளர் ஜார்ஜ் ஏரி 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருக்கிறார். அமெச்சூர் பைக்குக் கட்டுப்படியாகும் விலையில் அது பரவலானது சமீபத்தில்தான்.

அது பரவியதற்கு ஐரோப்பியர்களின் அவஸ்தையும் ஒரு காரணம்: கோள் தாழ நிற்க நிற்க விலகல் கூடும். 2019 ஜூனில் வியாழன் லண்டனில் உச்சத்திலேயே 16 டிகிரிதான் ஏறியது; சென்னையில் சுமார் 55. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்பதற்கு பிலிப்பைன்ஸின் செபு நகர அமெச்சூர் கிறிஸ்டோபர் கோ சாட்சி. வியாழனின் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியதை 2006இல் அங்கிருந்துதான் அவர் கவனித்தார்.

ஆகவே தமிழ்நாட்டில் புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு வார்த்தை: எடுத்தவுடன் ஏடிசி வாங்க வேண்டாம். 2028 வரை வியாழன் நமக்கு உச்சிக்கு அருகிலேயே வந்து போகும். 70 டிகிரிக்கு மேல் ஏறும்வரை காத்திருந்து எடுங்கள், மிச்சத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் நல்ல கேமரா வாங்குங்கள். 2031இல் வியாழன் மறுபடி தெற்கே இறங்கும்போது ஏடிசியைப் பற்றி யோசிக்கலாம்.