தட்டின் ஓரத்தில் ஒதுங்கும் கேரட்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பட்டாசு ஆலை வேன் காலையிலேயே வந்துவிடும். அம்மா வேலைக்குக் கிளம்பிய பின் பாட்டியோ அக்காவோ கொடுக்கும் டீயும் பிஸ்கட்டும்தான் பல குழந்தைகளின் காலை ஆகாரமாக இருந்தது. 25.08.2023 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அந்தக் குறையைப் போக்கியது. ஆனால், தட்டுக்கு வந்த உணவெல்லாம் வயிற்றுக்குள் போய்விடுவதில்லை. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கிச்சடியிலிருந்து கேரட்டையும் பீன்ஸையும் பொறுக்கி ஓரத்தில் வைப்பதையும், மதியம் முட்டையின் மஞ்சள் கரு கை கழுவும் இடத்தில் கிடப்பதையும் நாம் பார்க்கிறோம்.

இதை அடம் என்று நினைக்கிறோம். இரண்டு முதல் ஆறு வயது வரை, பழக்கமில்லாத உணவைக் கண்டு தயங்குவது இயல்பு. புதிய உணவு ஒன்று பிடித்துப்போக எட்டு முதல் பதினைந்து முறை சுவைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கூலிக்குப் போகும் தாய், பிள்ளை ஒதுக்கும் கீரையைப் பத்து முறை சமைத்துக்கொண்டிருக்க முடியுமா? பள்ளியிலோ அதே காய் வாரந்தோறும் வருகிறது. கூடவே பந்தியும் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் லியான் பிர்ச் 1980இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காய்கறியைப் பிடிக்காத குழந்தையை அதை விரும்பும் குழந்தைகளோடு சில நாள்கள் சாப்பிட அமர்த்தினார். அந்தக் குழந்தையும் அதை எடுக்கத் தொடங்கியது.

ஆகவே, ஒதுக்குகிறவர்களை ஒரே வரிசையில் உட்கார வைக்காமல் நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு நடுவே அமர்த்தலாம். கேரட் ஒரு துண்டு போதும். "நாக்குல வச்சுப் பாரு, பிடிக்கலைன்னா ஓரமா வச்சிரு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். துப்பினாலும் அது ஒரு முறை சுவைத்த கணக்குதான். நாமும் அதே சாம்பாரை ஊற்றிக்கொண்டு உடன் அமர்ந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் நம் வாயையே பார்ப்பார்கள்.

"இதைச் சாப்பிட்டால் மிட்டாய்" என்பது வேண்டவே வேண்டாம். மிட்டாய் பரிசு, கிச்சடி தண்டனை என்றுதான் குழந்தை புரிந்துகொள்ளும். காயை மசித்து மறைத்துக் கொடுத்தால் சத்து சேரும். ஆனால் அந்தக் காய் அறிமுகமாகாது. எண்ணிக்கை கற்பிக்கப் புளியங்கொட்டைக்குப் பதில் ஒரு நாள் பீன்ஸைக் கொடுத்து, தொட்டு முகர்ந்து ஒடிக்க விடலாம். வரும் வழியில் ஐந்து ரூபாய் சிப்ஸைத் தின்றுவிட்டு வரும் பிள்ளைக்கு எந்த உபாயமும் பலிக்காது. அதைப் பாட்டியிடம்தான் பேச வேண்டும்.

முட்டை உண்ணாத குடும்பத்துப் பிள்ளையை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்களுக்கு வாழைப்பழம் உண்டு. எதைச் சாப்பிட்டாலும் குமட்டும், விழுங்கச் சிரமப்படும், எடை குறையும் குழந்தையைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்ட வேண்டும்.

ஆலைக்குப் போகும் தாயை நாம் பகலில் சந்திக்க முடியாது. "இன்னைக்கு உங்க பிள்ளை ரெண்டு துண்டு கேரட் சாப்பிட்டான்மா" என்று கைப்பேசியில் ஒரு குரல் செய்தி அனுப்பலாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலிலும் அந்தக் காய் இடம்பெறும்.