டக்கென்று நின்றதா, விக்கி நின்றதா?

துறைமுகத்துப் பழைய கார்கள் – 9

ஓடிக்கொண்டிருந்த பழைய கார் நடுவழியில் நின்றுவிட்டால், திருகோணமலையில் கூடுகிற ஆட்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். பெற்றோல் இருக்கிறதா? கொயில் மாற்றிப் பார்த்தீர்களா? இரண்டுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று: எப்படி நின்றது? அதைக் கேட்காமல் சாமான் மாற்றத் தொடங்குவதால்தான் சில நூறு ரூபாயோடு முடியவேண்டிய பழுது பல ஆயிரங்களில் போய் முடிகிறது. இங்கே பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் ஓய்வூதியத்தில் வாழ்பவர்கள். அவர்களுடைய காசு இப்படிக் கரைவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பெற்றோல் இஞ்சினுக்கு மூன்று வேண்டும். அளவாகக் கலந்த எண்ணெயும் காற்றும், நேரத்துக்கு ஒரு பொறி, போதிய அமுக்கம். நன்றாக ஓடிய இஞ்சின் அமுக்கத்தைத் திடீரென்று இழப்பது அபூர்வம். ஆக, தேடவேண்டியது மற்ற இரண்டில்தான். மின்சாரம் அறுந்தால், திறப்பைத் திருகி நிறுத்தியதுபோல இஞ்சின் ஒரே கணத்தில் செத்துவிடும். எண்ணெய் வராவிட்டால் அப்படிச் சாகாது. முதலில் இழுவை குறையும். பிறகு விக்கும். காபரேட்டருக்குள் 'டப்' என்று ஒரு வெடிச்சத்தம் வரும். எக்சிலேற்றரை விட்டு விட்டு மிதித்தால் இன்னும் கொஞ்சத் தூரம் தள்ளிக்கொண்டு போகும். காபரேட்டர் கிண்ணத்தில் மிச்சம் கிடக்கிற பெற்றோல் தீரும் வரைக்கும்தான் அந்த ஓட்டம். எண்ணெய் கூடிப்போனாலும் நிற்கும். ஆனால் அதற்கு வேறு அடையாளம். சைலன்சரில் கறுப்புப் புகை, மூக்கைத் துளைக்கும் பெற்றோல் மணம், சந்தியில் மெதுவாக்கும்போது மட்டும் அணைந்துபோவது. இப்படியென்றால் கிண்ணத்துக்குள் மிதவை திறந்து மூடுகிற ஊசியைப் பார்க்கவேண்டும். இருக்கையில் இருந்தபடியே ஓட்டுநர் கவனிக்கக்கூடிய விஷயங்கள் இவை. கராஜுக்குக் கொண்டுபோன பிறகு, ஆறிப்போன இஞ்சினில் இவற்றில் ஒன்றும் தெரியாது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்ந்து வருகிற விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுகிறதாக இல்லை. அதனால் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் மொறிஸ் மைனர் இன்றும் ஏறுகிறது. 1990களின் ஜப்பான் கார்களான சனியும் கொரொல்லாவும் கந்தளாய் வழியாகக் கொழும்புக்குப் போய் வருகின்றன. மொறிஸ் மைனர் 1948ல் வெளிவந்த கார். பிறகு மினியையும் உருவாக்கிய அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பு. 1970களின் தொடக்கத்தோடு அதன் உற்பத்தி முடிந்துவிட்டது. ஆனாலும் சாதாரண ஸ்பனர்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய இஞ்சின் அதனுடையது. பழுது பார்க்கக் கற்க இதைவிட நல்ல கார் எனக்குத் தெரியாது.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய மொறிஸ் மைனர், சீனக்குடாப் பக்கம் போய்வரும்போதெல்லாம் நின்றுகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திறப்பைத் திருகினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கொயில் மாற்றியாயிற்று. பிளக் நான்கும் புதிது. காபரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. கடைசியில் கிண்ணியாவில் ஒரு நானாவின் கராஜுக்குக் கொண்டுபோனோம்.

நானா பொனட்டைத் திறக்கவில்லை. "சேர், நிக்கேக்க எப்பிடி நிண்டது? விக்கி விக்கி நிண்டதா, டக்கெண்டு நிண்டதா?"

"டக்கெண்டுதான்."

"எக்சிலேற்றரை மிதிச்சுக்கொண்டு போகேக்கயா, காலை எடுக்கேக்கயா?"

ஆசிரியர் யோசித்தார். "காலை எடுக்கேக்க. வளைவுக்கு மெதுவாக்கினா நிக்கும்."

அதற்குப் பிறகுதான் பொனட் திறந்தது. காபரேட்டரிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகும். கார் சீராக ஓடும்போது அதன் வழியே உறிஞ்சு விசை வந்து, டிஸ்ரிபியூட்டருக்குள் பொயின்ற் பூட்டியிருக்கும் தட்டைக் கொஞ்சம் திருப்பும். பொறி சற்று முந்தி விழும். காலை எடுத்தால் உறிஞ்சல் விட்டுப்போய்த் தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நானா இஞ்சினை ஸ்டார்ட் செய்து, அந்தக் குழாயின் காபரேட்டர்ப் பக்க முனையைக் கழற்றினார். திறந்த துவாரத்தை அடைத்தார். குழாயில் ஒரு றப்பர் துண்டைச் செருகி, வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினார். இஞ்சின் ஒருமுறை தடுமாறியது. உறிஞ்சியதை விட்டார். டக்.

டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றியதும் உள்ளே விரல் நீளம்கூட இல்லாத ஒரு வயர் தெரிந்தது. வெளியே இருந்து வருகிற மின்சாரத்தைப் பொயின்றுக்குக் கொண்டுபோவது அதுதான். தட்டு அசையும்போதெல்லாம் அதுவும் மடிந்து நிமிரும். மேலுறை நன்றாகவே இருந்தது, வெடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் நானா இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தபோது அது றப்பர்போல நீண்டது. உள்ளே செம்பு அறுந்து, முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் கிடந்திருக்கின்றன. தட்டு அசைகிற சில தருணங்களில் தொடுகை விட்டுப்போகும், கார் நிற்கும், ஆடி அசைந்து மறுபடி தொடும். மெல்லிய இழைகள் பல சேர்ந்த வயர்த் துண்டொன்றை அளவுக்கு வெட்டிப் பற்றவைத்துப் பூட்டினார். தடித்த ஒற்றைக் கம்பி வயரை அங்கே போடக்கூடாது, அது மடிந்து மடிந்து சீக்கிரம் முறிந்துவிடும் என்றும் சொன்னார். அந்தக் காரின் பழுது அவ்வளவுதான். கொயிலுக்கும் பிளக்குக்கும் கொடுத்த காசு போனதுதான்.

டக்கென்று நிற்கிற பழுதுகளில் இன்னும் இரண்டைச் சொல்லவேண்டும். ஒன்று கன்டென்சர். குளிரில் ஒழுங்காக வேலை செய்து, சூடேறினதும் படுத்துவிடுகிற சாமான் இது. பொயின்ற் முகத்தில் நீலப்பொறி பெரிதாகப் பறந்து, முகம் கறுத்துக் குழிவிழுந்திருந்தால் இதைத்தான் சந்தேகிக்கவேண்டும். புதிதாக வாங்குகிறவை எல்லாம் நல்லவை என்று நம்பவும் முடியாது. பழையது ஓடக்கூடிய நிலையில் இருந்தால் எறியாமல் காருக்குள் வைத்திருங்கள். மற்றது ஏர்த். இஞ்சினுக்கும் பொடிக்கும் நடுவில் இருக்கிற பின்னல் வயர், பற்றரியிலிருந்து பொடிக்குப் போகிற வயர் இரண்டையும் கடற்காற்று தின்றுவிடும். உட்துறைமுக வீதிப் பக்கம் வெளியே நிறுத்துகிற கார்களில் முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருப்பதைப் பார்க்கலாம். கழற்றி, மணல்தாளால் தேய்த்து, கிறீஸ் பூசி இறுக்கினால் போதும். மாரி காலத்தில் வாடைக் காற்றோடு வரும் ஈரம் டிஸ்ரிபியூட்டர் மூடிக்குள்ளும் போகும். அது காலையில் கிளப்பும்போது தொல்லை கொடுத்து, துடைத்ததும் தீர்ந்துவிடும்.

விக்கி நிற்கிற கார்களின் கதை நீளமானது. அந்தக் கதையில் 2022இன் பெற்றோல் தட்டுப்பாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. சீனக்குடாவில் பிரித்தானியர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளக்கூடியது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கியதையும் தாண்டி நிற்பவை அவை. அந்தத் தாங்கிகளுக்குப் பக்கத்தில் வாழ்கிற சனம் 2022ல் பெற்றோல் செட் வாசலில் இரவு பகலாக வரிசையில் கிடந்தது. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் லீற்றருக்கு 470 ரூபாய் ஆயிற்று. பிறகு கியூஆர் முறை வந்து, தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்தார்கள். அந்த மாதங்களில் கார்கள் தாங்கியின் அடியில் கொஞ்சம் பெற்றோலோடு சும்மா நின்றன. வெற்றுத் தாங்கிக்குள் ஈரக்காற்று புகுந்து, நீராகப் படிந்து, துருவாகும். நாட்பட்ட பெற்றோலில் எளிதில் ஆவியாகிற பகுதி போய், மிச்சம் பிசினாகிக் காபரேட்டரின் சின்னத் துவாரங்களில் ஒட்டிக்கொள்ளும். கிடைத்த கானிலும் போத்தலிலும் சேமித்ததால் போன தூசு வேறு. மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்ட் வரைக்கும் லீற்றர் 87 ரூபாய். பிறகுதான் 340 ஆயிற்று. கலப்படம் செய்ய நினைப்பவனுக்கு அந்த விலை வித்தியாசமே போதும். சந்தேகமாக இருந்தால் வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பெற்றோல் அடையாளமில்லாமல் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாக நிற்கும்.

தாங்கியில் துரு இருக்கிற காருக்கு ஒரு குணம் உண்டு. கொஞ்சத் தூரம் நன்றாக ஓடி, விக்கி நின்று, சிறிது நேரம் நிறுத்திவைத்தால் மறுபடி அதே தூரம் ஓடும். உறிஞ்சும் குழாயின் வாயில் ஒட்டிய துரு, இஞ்சின் நின்றதும் கீழே விழுந்துவிடுவதுதான் காரணம். தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் ஏறக்குறைய இதே மாதிரி நடக்கும். எது என்று பிரித்தறிவது எளிது. நின்ற உடனே தாங்கி மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் 'ஸ்ஸ்' சத்தம் கேட்டு, உடனே கார் கிளம்பினால் குற்றவாளி மூடிதான். இல்லையென்றால், பம்பில் எண்ணெய்க் குழாயைக் கழற்றி, தாங்கிப் பக்கமாகக் கால் பம்பால் காற்றடியுங்கள். இஞ்சின் ஆறியிருக்கவேண்டும், பக்கத்தில் யாரும் புகைக்கக்கூடாது. தாங்கிக்குள் கொப்புளிக்கிற சத்தம் தாராளமாகக் கேட்டால் குழாய் சுத்தம்.

மொறிஸ் மைனரில் மின்சாரப் பம்ப் இஞ்சின் அறையின் பின்சுவரிலேயே இருக்கிறது. திறப்பைத் திருகினதும் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பினதும் ஓய்ந்துவிடவேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்பின் பொயின்ற் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஸ்பனர்ப் பிடியால் மெல்லத் தட்டினால் வீடு போய்ச் சேரலாம். ஓயாமல் வேகமாக அடித்தால் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கிறது. கச்சான் வீசுகிற மாதங்களில், வெயில் 35 பாகையைத் தொடும்போது, சூடான பொனட்டுக்குக் கீழே பெற்றோல் குழாயிலேயே ஆவியாகியும் இப்படி நடக்கும். அப்போது ஈரத்துணியைப் பம்பின் மேலும் குழாயின் மேலும் போட்டுக் கொஞ்சம் பொறுத்தால் போதும். சூட்டில் நிற்கிற காருக்கெல்லாம் கொயிலைக் குற்றம் சொல்கிறவர்கள் இந்த ஈரத்துணிச் சோதனையை ஒருமுறை செய்து பார்க்கவேண்டும்.

காபரேட்டரில் கலவை சரியா என்று பார்க்க, அந்தக் காபரேட்டரைச் செய்தவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதன் அடிப்பக்கத்தில் சின்ன ஊசி ஒன்று இருக்கும். இஞ்சின் நின்றபடி ஓடும்போது அதை மெதுவாக மேலே தள்ளினால் உள்ளே பிஸ்டன் ஒரு மயிரளவு உயரும். இஞ்சின் வேகமெடுத்து அப்படியே ஓடினால் எண்ணெய் கூட. உடனே சாகப் பார்த்தால் எண்ணெய் குறைவு. கொஞ்சம் ஏறி, பிறகு தணிந்தால் சரி. ஓட்டத்தில் விக்கும்போது சோக்கை இழுத்துப் பாருங்கள். இழுத்ததும் இஞ்சின் உயிர் பிடித்தால் கலவையில் எண்ணெய் போதவில்லை என்று உறுதி. எங்கோ எண்ணெய் தடைபடுகிறது, அல்லது காபரேட்டர் அடி கஸ்கட்டால் காற்றுத் திருடுகிறது.

எண்ணெயைப் பற்றி இந்த மண்ணில் வேறெவருக்கும் கிடைக்காத படிப்பு யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கிடைத்தது. 1990ல் போர் மறுபடி தொடங்கியபின் பெற்றோல் குடாநாட்டுக்குத் தடைசெய்யப்பட்டது. மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, இஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். பேர்குசன் ட்ரக்டர்களில் இதற்கென்றே இரண்டு தாங்கி வைத்துச் செய்த வகை உண்டு. நம்மவர்கள் அதைக் கைவசம் இருந்ததை வைத்துச் செய்தார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆறிய இஞ்சினை அதில் கிளப்ப முடியாது. எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே எங்கே நிறுத்தலாம், எவ்வளவு நேரம் நிறுத்தலாம், எந்தச் சத்தத்துக்குக் காலை எடுக்கவேண்டும் என்பதையெல்லாம் ஓட்டுநர்கள் காதால் கற்றார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார்கள் அவை. நடுவழியில் நின்றால் ஓர் உயிர் போகலாம். அந்த அறிவை இன்னும் யாரும் ஒழுங்காக எழுதிவைக்கவில்லையே என்பது எனக்கு உண்மையான கவலை. அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள்.

காபரேட்டர் இல்லாத 1990களின் ஜப்பான் கார்களுக்கும் முதற்கேள்வி அதேதான். சூடேறி டக்கென்று நின்று, ஆறினால் கிளம்பினால், இஞ்சின் சுழற்சியை அளக்கிற சென்சரைப் பாருங்கள். சனியின் ஜீஏ இஞ்சின்களில் அது டிஸ்ரிபியூட்டருக்குள்ளேயே இருக்கிறது, ஒயில் கசிந்து உள்ளே போனாலும் கெடும். அக்காலத்து ஹொண்டாக்களில் பம்புக்கு மின்சாரம் கொடுக்கும் றிலேயின் ஈயப்பற்று வெயிலில் வெடிக்கும். திறப்பைத் திருகினதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி பம்ப் முனகவில்லை என்றால் முதலில் அங்கே போங்கள். சந்தியில் மட்டும் அணைந்தால், காற்று நுழைகிற வாயில் படிந்த கரியைத் துடைத்தாலே பெரும்பாலும் தீரும். பழைய ரொயோட்டாக்களில் பொனட்டுக்குள் இருக்கிற பெட்டியில் டீஈ1, ஈ1 இரண்டையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்துத் திறப்பைத் திருகினால், இஞ்சின் விளக்கு மின்னி மின்னித் தன் பழுதின் இலக்கத்தைச் சொல்லும். கொம்பியூட்டர் சோதனைக்குக் காசு கொடுக்குமுன் அதை எண்ணிப் பார்த்துவிடலாம்.

அடுத்த தடவை உங்கள் கார் நின்றால், ஓரமாக்கிவிட்டு, திறப்பைத் திருகுமுன் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள்: டக்கென்றா விக்கியா, காலை எடுத்தபோதா மிதித்தபோதா, இஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, தாங்கியில் எவ்வளவு இருந்தது, மழையா வெயிலா. அந்தத் தாளை உங்கள் கராஜ் பாஸிடம் முதலில் கொடுங்கள், திறப்பைப் பிறகு கொடுங்கள்.

அடுத்த வாரம், கந்தளாய்ப் பாதையில் கொதிக்கிற ரேடியேற்றர்கள்.

(தொடரும்)