நடவாவி நாளில் தறி ஓயும்!

காஞ்சி நெசவாளர் வீடுகளில் இளவேனில்

டக்... டக்... டக்...

பொழுது விடியும் முன்பே இந்தச் சத்தம் தொடங்கிவிடும். விளக்கு வைத்த பிறகும் கேட்கும். காஞ்சிபுரத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பட்டு நெய்யும் வீடுகளில் தறி ஓய்வது அபூர்வம். ஒரு நாள் தறியில் உட்காராவிட்டால் அன்றைய கூலி இல்லை.

ஆனால், சித்திரா பௌர்ணமி அன்று பாலாற்றங்கரைக் கிராமங்களில் தறியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோவிலை விட்டுக் கிளம்பி, அவர்கள் தெரு வழியாக வருகிறார். வாசலில் சுவாமி வரும்போது உள்ளே உட்கார்ந்து நாடா தள்ள யாருக்கு மனம் வரும்?

வெயில் வந்தால் நல்லது

சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். மற்றவர்கள் வெயிலைத் திட்டுவார்கள். நெசவாளர்கள் திட்டுவதில்லை.

காரணம் உண்டு. இங்கே பல வீடுகளில் இருப்பது குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்து நெய்ய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் குழியில் ஈரம் ஊறும். சில வீடுகளில் தண்ணீரே நிற்கும்.

பாவு நீட்டுவதற்கும் மழை ஆகாது. பாவு என்பது புடவையின் நீளவாக்கில் ஓடும் இழைகள். அதைத் தெருவில் நீளமாகக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். இது விடியற்காலை வேலை. பக்கத்து வீட்டாரும் கை கொடுப்பார்கள். சித்திரை மாதத்தில் இந்த வேலை தடையில்லாமல் நடக்கும்.

பங்குனி உத்திரத்திலேயே ஊர் களைகட்டிவிடுகிறது. அம்பிகை மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்து வழிபட்டாள். கம்பை ஆறு பெருகி வந்தபோது அதைக் கட்டித் தழுவிக் காத்தாள் என்பது காஞ்சியின் கதை. அந்த அம்பிகைக்கும் ஏகாம்பரநாதருக்கும் அப்போது திருக்கல்யாணம் நடக்கிறது. அதே வேளையில் கோவிலில் தாலி கட்டிக்கொள்ளும் ஜோடிகளும் உண்டு.

பிறகு சித்திரை முதல் நாள். மாங்காய், வெல்லம், வேப்பம்பூ சேர்த்த பச்சடி. புதுத் துணி வாங்க முடிந்த வீட்டில் புதுத் துணி. அதோடு சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்குப் புடவை கேட்டு அவசரம்! எங்கோ ஒரு கல்யாண வீட்டில் பெண் உடுத்தும் கூறைப் புடவைக்காக இங்கே ஒரு குடும்பம் தூக்கத்தைக் குறைத்துக்கொள்கிறது.

கர்நாடகத்திலிருந்து பட்டு வருகிறது. சூரத்திலிருந்து ஜரிகை வருகிறது. பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கமோ முதலாளியோ இவற்றைக் கொடுப்பார்கள். நெய்பவருக்குக் கிடைப்பது கூலிதான். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது, நல்லதுதான். நெய்த வீட்டில் மகளுக்குக் கல்யாணம் என்றால், அதே மாதிரிப் புடவை எடுக்கக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொரு கை எங்கே?

காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலில் ஓடும் ஊடை கரைக்குள் போகாது. கரையின் ஊடை உடலுக்குள் வராது. இரண்டும் சேரும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். இதற்கு மூன்று நாடா வேண்டும். நெய்பவர் இரண்டைப் பார்த்துக்கொள்வார். மறு கரையின் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும்.

அந்த இடத்தில் முன்பெல்லாம் உட்கார்ந்தது யார் தெரியுமா? வீட்டுப் பிள்ளை! எட்டு வயதிலும் பத்து வயதிலும் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். தொழில் படிந்தது, எழுத்துப் போயிற்று. அதைப் பெருமையாகச் சொல்வதற்கில்லை.

இப்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். 6 முதல் 14 வயது வரை கல்வி பெறுவது உரிமை என்று 2009ஆம் ஆண்டில் சட்டமே வந்துவிட்டது. படித்து முடித்தவர்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். அங்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டில் கார் தயாரிப்பு தொடங்கியது. பிறகு பல தொழிற்சாலைகள் வந்தன. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் தறியில் ஓர் இடம் காலி. பல வீடுகளில் மனைவிதான் அங்கே உட்காருகிறார். அடுப்பும் அவருடையது, தார் சுற்றுவதும் அவருடையது, மூன்றாவது நாடாவும் அவருடையது. கணவருக்கு முதுகு வலி என்றால் ஊரே கேட்கிறது. அவர் முதுகைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

ஆகவே சித்திரை பிறந்ததும் தாய்மார் முதலில் விசாரிப்பது லீவைப் பற்றித்தான்.

"ஏண்டா கண்ணு, நடவாவிக்கு லீவு சொல்லிட்டியா?"

"அன்னிக்கு நைட் ஷிப்டும்மா. மாத்திக் கேட்டிருக்கேன்."

சுவாமி வருகிறார்!

சித்திரா பௌர்ணமி அன்று காஞ்சி நகரில் சித்திரகுப்தர் கோவிலில் கூட்டம் நிரம்பி வழியும். கிராமங்களிலோ பெருமாள்தான் பேச்சு. வாசலில் தண்ணீர் தெளித்துப் பெரிய கோலம் போடுவார்கள். மாவிலைத் தோரணம் கட்டுவார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் குழந்தைகளோடு வந்துவிடுவார்கள். நீர்மோர், பானகம், கோசுமல்லி ஒரு பக்கம் தயாராகும்.

பெருமாள் செவிலிமேடு, தூசி, வாகை முதலிய ஊர்களின் வழியாக ஐயங்கார்குளம் போகிறார். அங்கே சஞ்சீவிராயர் கோவில் இருக்கிறது. அனுமாருக்கு எழுப்பிய கோவில் இது. லட்சுமிகுமார தாத்தாச்சாரியார் கட்டியது. அருகில் கடல் போல் ஓர் ஏரி.

கோவிலுக்குப் பக்கத்தில்தான் நடவாவிக் கிணறு. வாவி என்றால் நீர்நிலை. படியில் நடந்து இறங்கும் வாவி, நடவாவி. பூமிக்கு அடியில் கல் மண்டபம்! தூண்களில் சிற்பங்கள்! மற்ற நாட்களில் மண்டபத்தில் தண்ணீர் நிற்கும். விழாவுக்காக அதை இறைத்துவிடுவார்கள். இரவில் பெருமாள் படியிறங்கி உள்ளே போவார். வெளியே குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

பிறகு பாலாறு. பெயர்தான் ஆறு, சித்திரையில் மணல்தான். அந்த மணலில் சுவாமிக்குத் திருமஞ்சனம். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை நிலா வெளிச்சத்தில் பிரித்துக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். எந்த மகனுக்கு லீவு கிடைத்தது, எந்த மகனுக்குக் கிடைக்கவில்லை என்பது அந்த வட்டத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

மறுநாள் மகன் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புகிறான். "வைகாசி கருட சேவைக்கு வந்துடறேம்மா" என்கிறான். அம்மா மீந்த புளிச்சோற்றை டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார்.

தறியில் இருப்பது வைகாசி முகூர்த்தத்துக்கான புடவை. இன்னும் முந்தானை பாக்கி இருக்கிறது.