இலண்டனுக்குச் செல்லும் பெற்றோருக்குச் சில யோசனைகள்

இலண்டன் மாநகரிலே மகனோ மகளோ வாழ்கின்ற குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. பேரப்பிள்ளை பிறந்துவிட்டது என்றோ, புதுமனை புகுகின்றார்கள் என்றோ, கண்மூடுமுன் பிள்ளைகளின் முகத்தை ஒருமுறை கண்டுவர வேண்டும் என்றோ, யாழ்ப்பாணத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பெற்றோர் பலர் ஆண்டுதோறும் அங்கு சென்று வருகின்றனர். திரும்பி வந்தவர்களிடம், "இலண்டனிலே என்னென்ன பார்த்தீர்கள்?" என்று வினவினாற் கிடைக்கும் விடை நம்மைத் திகைக்க வைக்கின்றது. மகன் வீட்டு முன்னறையையும், அதன் சாளரத்தையும், சனிக்கிழமைகளிற் சென்ற கடையையும், ஞாயிற்றுக்கிழமைகளிற் சென்ற கோவிலையும் தவிர அவர்களுட் பலர் கண்டது வேறொன்றும் இல்லை.

இதற்குப் பிள்ளைகளைக் குறை கூறுதல் பொருந்தாது. விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்புவது அந்நகர வாழ்வு. வார நாட்களிலே பகல் முழுவதும் வீட்டில் எஞ்சியிருப்போர் முதியவர் இருவரே. வெளியே சென்றால் வழி தவறிவிடுமோ, பேசும் ஆங்கிலம் புரியாமற் போய்விடுமோ, பிள்ளைகளுக்குத் தொல்லையாகிவிடுமோ என்னும் அச்சம் அவர்களைக் கதவுக்கு உள்ளேயே நிறுத்திவிடுகின்றது. ஊரிலே முப்பது ஆண்டுகள் பாடசாலை நடத்திய தலைமை ஆசிரியர், அங்கே பஸ் வண்டியில் ஏறுவதற்குத் துணை தேடுகின்றார்.

இந்த அச்சத்தைப் போக்குதல் ஒன்றே இக்கட்டுரையின் நோக்கம். இலண்டன் மிகப் பெரிய நகரந்தான். ஆயினும், முதியவர் ஒருவர் தனியே உலாவுதற்கு வேண்டிய ஏற்பாடுகள் அங்கு நிறைய உள. அவற்றுட் சிலவற்றை அறிந்துகொண்டாற் போதும்.

புறப்படுமுன்

பயணத்திற்கு முதல் வேண்டப்படுவது மருத்துவக் காப்புறுதி. இலண்டன் வைத்தியசாலைகளின் அவசர சிகிச்சைப் பிரிவிலே அளிக்கப்படும் முதற் சிகிச்சைக்கு விருந்தினரிடம் பணம் பெறுவதில்லை. ஆனால், அங்கிருந்து வார்டிலே அனுமதிக்கப்பட்டுவிட்டால் செலவு முழுவதும் நம் தலைமேல் விழும். நாள்தோறும் உட்கொள்ளும் மருந்துகளை, அவற்றின் பெட்டிகளோடும் வைத்தியரின் துண்டோடும் கைப்பையிலே வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பிள்ளைகளுக்கென்று பலகாரங்கள் கட்டுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலிருந்து இறைச்சியும் பாற்பொருள்களும் கொண்டு செல்ல அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. நெய்ப் போத்தலும் பாற்கோவாவும் விமான நிலையத்திலேயே பறிபோகும். பழங்கள், மரக்கறிகள் பலவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு; முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நன்று.

முன்பு யாரோ தந்த பவுண் தாள்களை அலுமாரியிலே பத்திரமாக வைத்திருப்போர் நம்மவரிற் பலர். கடதாசியில் அச்சிட்ட 5 பவுண் தாள் 2017 ஆம் ஆண்டிலும், 10 பவுண் தாள் 2018 இலும், 20, 50 பவுண் தாள்கள் 2022 செப்டெம்பர் 30 ஆந் திகதியுடனும் செல்லாதனவாகிவிட்டன. முழு வட்டமான பழைய ஒரு பவுண் நாணயமும் 2017 ஒக்டோபருடன் கடைகளிற் செல்லாது போயிற்று. எனினும், பழைய தாள்களை எறிந்துவிட வேண்டாம். இங்கிலாந்து வங்கி அவற்றைக் கால எல்லையின்றி மாற்றித் தருகின்றது. எலிசபெத் மகாராணியாரின் உருவம் பொறித்த பிளாஸ்ரிக் தாள்கள், சாள்ஸ் மன்னரின் உருவம் பொறித்த புதிய தாள்களோடு இன்றும் செல்லுபடியாகும்.

உடையைப் பொறுத்தவரையில், தடித்த மேலங்கி ஒன்றை மட்டும் நம்பியிருத்தலிலும் மெல்லிய உடைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிதல் மேல். வெளியே குளிரும் கடைகளுக்குள்ளே வெப்பமும் மாறி மாறி வருவதால், வேண்டியபோது கழற்றவும் போடவும் அதுவே வசதி. வழுக்காத சப்பாத்து மிக அவசியம்.

முகவரிச் சீட்டு

சென்று இறங்கிய அன்றே செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. பிள்ளையின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், அருகிலுள்ள ரயில் நிலையத்தின் பெயர், வீட்டுக்கு வரும் பஸ்ஸின் இலக்கம் ஆகிய ஐந்தையும் ஒரு தடித்த அட்டையில் ஆங்கிலத்தில் எழுதுவித்துச் சட்டைப் பையிலோ கைப்பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். முகவரியின் இறுதியில் வரும் தபாற் குறியீட்டை விட்டுவிடலாகாது. எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த அக்குறியீடு பெரும்பாலும் ஒரு தெருவின் சில வீடுகளை மட்டுமே குறிப்பது. அதைக் காட்டினால் எவரும் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவர். கைத்தொலைபேசியின் மின்சக்தி தீர்ந்துபோகலாம். அட்டைக்கு அந்தக் குறை இல்லை.

பஸ் வண்டியே முதற் பாடம்

தனியே வெளிக்கிடுவோர் பாதாள ரயிலிலும் பஸ்ஸிலேயே தொடங்குதல் நன்று. படிக்கட்டுகள் இல்லை, வெளியே என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொண்டே போகலாம், அடுத்து வரும் தரிப்பின் பெயரை வண்டியே எழுத்திற் காட்டிக் குரலிலும் அறிவிக்கின்றது.

2014 ஆம் ஆண்டு முதல் இலண்டன் பஸ்களிற் காசு வாங்குவதில்லை. 'ஒயிஸ்ரர்' என்னும் பயண அட்டையையோ வங்கி அட்டையையோ சாரதிக்கு அருகிலுள்ள மஞ்சள் வட்டத்தில் தொட்டுவிட்டு உள்ளே செல்ல வேண்டும். இறங்கும்போது தொட வேண்டியதில்லை. பயணம் நீண்டதாயினும் குறுகியதாயினும் கட்டணம் ஒன்றே. முதல் வண்டியில் தொட்டது முதல் ஒரு மணித்தியாலத்துள் அதே அட்டையைக் கொண்டு வேறு பஸ்களில் ஏறினால் மேலதிகக் கட்டணம் இல்லை. ஆகவே, தவறான வண்டியில் ஏறிவிட்டோமே என்று கலங்க வேண்டாம். இறங்கி, எதிர்ப்பக்கத்து வண்டியைப் பிடித்துத் திரும்பலாம். இருவர் சென்றால் ஆளுக்கொரு அட்டை வேண்டும்.

தரிப்பிடத்தில் நிற்கும்போது உங்கள் வண்டியைக் கண்டதும் கையை நீட்டுங்கள். இறங்க வேண்டிய தரிப்புக்கு முன் சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். முன்பக்கத்திலுள்ள சில ஆசனங்கள் முதியோருக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றிலிருக்கும் இளைஞரிடம் இடங்கேட்பது இழுக்கன்று.

பாதாள ரயில்

உலகிலேயே முதன்முதலாக நிலத்தின் கீழ் ரயில் ஓடிய நகரம் இலண்டன்; ஆண்டு 1863. அதன் வழிகளைக் காட்டும் வண்ணப் படத்தை 1931 இல் வரைந்தவர் ஹரி பெக் என்பவர். கோடுகளை நேராக்கி, நிலையங்களை ஏறக்குறையச் சம இடைவெளியில் வைத்தமையால் அது எவருக்கும் விளங்கும் படமாயிற்று. ஆனால், அதைக் கொண்டு தூரத்தை அளக்கக் கூடாது. லெஸ்ரர் சதுக்கத்துக்கும் கொவன்ற் காடன் நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் முந்நூறு மீற்றரிலும் குறைவு. ரயிலுக்குப் படியிறங்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். கொவன்ற் காடன் நிலையத்தின் படிக்கட்டிலே 193 படிகள் இருக்கின்றன என்பதையும் முழங்கால் வலியுள்ளோர் நினைவில் வைத்தல் நன்று. படியேறாமற் செல்லக்கூடிய நிலையங்களுக்குப் படத்திற் சக்கர நாற்காலிக் குறி இடப்பட்டிருக்கும்.

ரயிலில் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே அட்டையைத் தொடுதல் வேண்டும். வெளியேறுகையில் தொடாது விட்டால் உச்சக் கட்டணம் அறவிடப்படும். காலை ஒன்பதரை மணிக்குப் பின் புறப்பட்டால் கட்டணம் குறையும். இருக்க இடமும் கிடைக்கும். நகரும் படிகளில் வலப்பக்கமாக நிற்க வேண்டும்; இடப்பக்கம் விரைந்து ஏறுவோருக்கு உரியது.

மேடைகளுக்குச் செல்லும் வழியில் 'வடக்கு நோக்கி', 'கிழக்கு நோக்கி' என ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். வடக்கு வளவு, கிழக்கு வேலி என்று திசைகொண்டே பேசிப் பழகிய நமக்கு இது கடினமன்று. இறங்க வேண்டிய நிலையம் தவறிவிட்டால், அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் மேடைக்குச் சென்று திரும்பி வாருங்கள்.

இருவராகச் செல்வோர் முன்கூட்டியே ஓர் உடன்பாடு செய்துகொள்ளுதல் வேண்டும். ஒருவர் ஏறியதும் கதவு மூடிக்கொள்ள, மற்றவர் மேடையிலே நின்றுவிடல் கூடும். ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நின்றுவிட்டவர் அடுத்து வரும் வண்டியில் அந்நிலையத்துக்கு வர வேண்டும். இந்த ஒரு விதி கணவன் மனைவியரின் பல மணி நேரப் பதற்றத்தைத் தவிர்க்கும்.

காசில்லாமற் காணத்தக்கவை

செலவு மிகுந்த நகரம் என்று பெயரெடுத்த இலண்டனிலே மிகச் சிறந்தவை பல இலவசமாகவே காட்டப்படுகின்றன. 1759 இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட பிரித்தானிய நூதனசாலைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அங்கே தென்னாசியக் கூடத்திலே நம் நாட்டிலிருந்து சென்ற தாரா தேவியின் திருவுருவம் நிற்கின்றது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும், பொன் முலாம் பூசிய வெண்கலப் படிமம் அது. உயரம் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் குறைவு. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியிற் கிடைத்த அதனை, இலங்கையின் தேசாதிபதியாக இருந்த பிரவுண்றிக் 1830 இல் நூதனசாலைக்குக் கையளித்தார். கிழக்கிலங்கையிலிருந்து செல்லும் ஒருவர் அதன் முன்னே நிற்கும்போது, யார் எங்கே அந்நியர் என்ற எண்ணம் எழாமற் போகாது. நாம் அங்கு சென்றிருந்தபோது அவ்வுருவத்தின் முன் நெடுநேரம் நின்றோம்.

திரபல்கர் சதுக்கத்திலுள்ள தேசிய ஓவியக் கூடமும் இலவசமே. அமர்ந்து பார்ப்பதற்கு ஆசனங்களும் உண்டு. அங்கிருந்து வைற்ஹோல் தெருவழியே ஒரு கிலோமீற்றர் அளவு மெல்ல நடந்தால், குதிரைக் காவலரையும், பிரதமர் வாழும் டவுனிங் தெருவின் இரும்புக் கதவையும், போரில் இறந்தோர் நினைவுத் தூணையும் கண்டு பாராளுமன்றக் கட்டடத்தை அடையலாம். 'பிக் பென்' என்பது அங்குள்ள பெரிய மணியின் பெயர். கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர். ஒரு நாளைக்கு இவ்வளவே போதும். ஐந்து இடங்களுக்கு ஓடிக் களைப்பதிலும் ஓரிடத்தை ஆறியமர்ந்து பார்த்தல் மேல்.

தூரம் செல்ல விரும்பாதோர்க்கு வீட்டருகே பூங்காவோ பொது நூலகமோ இருக்கக்கூடும். நூலகத்தினுள்ளே அமர்ந்து வாசிப்பதற்கு எவரும் பணம் கேட்பதில்லை.

கவனிக்க வேண்டியவை

வாகனங்கள் நம் நாட்டிற் போலவே இடப்பக்கமாக ஓடுவதால் வீதியைக் கடப்பது நமக்குப் புதிதன்று. மஞ்சள் விளக்குக் கம்பமுள்ள வரிக் கடவையிலே வாகனங்கள் நமக்காக நிற்கும். நின்றதைக் கண்ட பின்பே காலை எடுத்து வையுங்கள்.

வீதியோரத்தில் நின்று கைத்தொலைபேசியைப் பார்க்க வேண்டாம். துவிச்சக்கர வண்டியில் வந்து பறித்துச் செல்வோர் அந்நகரில் உண்டு. தாலிக்கொடியும் சங்கிலியும் மேலங்கிக்கு உள்ளே இருக்கட்டும். ஆபத்து நேர்ந்தால் 999 என்னும் எண்ணை அழையுங்கள்.

முதியோர் வெளியே சொல்லத் தயங்கும் கவலை ஒன்றுண்டு. அது மலசலகூடம் பற்றியது. பாதாள ரயில் நிலையங்கள் பலவற்றில் அவ்வசதி இல்லை. நூதனசாலைகளிலும் பெருங்கடைகளிலும் உண்டு. பெரிய புகையிரத நிலையங்களில் 2019 முதல் அதற்குக் கட்டணமும் நீக்கப்பட்டுவிட்டது. நீரிழிவு உள்ளோர் இதனை அறிந்து வழியை வகுத்துக்கொண்டால் மனம் ஆறுதல் அடையும்.

மார்கழி மாதத்தில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஆனி மாதத்திலோ இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அதற்கேற்பத் திரும்பும் நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல்

பெற்றோர் வந்த முதல் வார இறுதியிலே அவர்களைக் காரில் ஏற்றி நகர் முழுவதையும் காட்டிவிட முயலாதீர்கள். அதற்குப் பதிலாக, வீட்டு வாசலிலிருந்து பஸ் தரிப்புக்கு அவர்களோடு நடந்து செல்லுங்கள். அப்பா தாமே அட்டையைத் தொடட்டும்; அம்மா தாமே பொத்தானை அழுத்தட்டும். திரும்பி வரும்போது அவர்கள் முன்னே செல்ல, நீங்கள் பின்னே வாருங்கள். சிறுவயதில் உங்களுக்குப் பாடசாலைக்கு வழிகாட்டியவர்கள் அவ்வாறே செய்தார்கள். அடுத்த திங்கட்கிழமை அவர்கள் உங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

பெற்றோருக்கும் ஒன்று கூறுவோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆங்கிலம் சரளமாக வராவிடினும், அட்டையைக் காட்டி இரண்டு சொற் கேட்டால் வழி சொல்லாதவர் அரியர். அந்நகரத் தெருக்களில் நடப்போருட் பலர் உங்களைப் போல வேறொரு நாட்டிலிருந்து வந்து வழி கேட்டுப் பழகியவர்களே. முதல் நாள் தெரு முனைவரை, மறுநாள் பூங்காவரை, அதற்கடுத்த வாரம் நூதனசாலைவரை என்று சிறுகச் சிறுகச் செல்லுங்கள். மாலையிலே பிள்ளைகள் வேலையால் வந்து களைத்து அமரும்போது, அன்று தாம் கண்டதைச் சொல்வதற்கு உங்களிடமும் ஒரு கதை இருக்கும்.