கணக்கேடு கூறாத காரணம்

பட்டினப்பாக்கத்துக் குடியிருப்பில், அலுவல் முடிந்த இரவுகளில் சமூகவியல் முதுகலைப் பாடங்களைப் படித்து வருகின்றோம். முப்பது வயதுக்கு மேல் தேர்வா என்று நண்பர் சிலர் நகைத்தனர்.

தவணை தவறியோர் பெயருக்கு எதிரே குறியிடுவது நம் கடமை. ஏன் தவறினர் என்பதைக் கணக்கேடு கூறுவதில்லை.

பேராசிரியர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சைச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, 1965இல் நூல் வெளியிட்டார். நிலம், சாதி, அதிகாரம் மூன்றும் முன்பு பெரும்பாலும் ஒரே பிரிவினரிடம் இருந்து, பின்னர் விலகத் தொடங்கியதை அது காட்டுகின்றது. அதைப் படித்தபின் ஏட்டை மூடிவிட்டு மனிதரிடம் பேசலானோம்.

நெசவாளர் ஒருவரைக் கேட்டோம். சங்கத்தில் நூல் கிடைக்காத மாதங்களில் வெளி முதலாளியிடம் பெற்ற முன்பணத்துக்கே அவர் கூலி கழிந்திருந்தது. நம் குறியால் அவருக்கு மறுகடனும் நின்றிருந்தது. முன்னரே கேட்டிருக்க வேண்டும், கேட்கத் தெரியவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகம் 1981இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் அமைந்தது. தறியையோ வயலையோ விடாமல் படிக்க வழியுண்டு. நூலாசிரியர் தங்கித் தேடியறிந்த ஊர் வாழ்வை, உறுப்பினர்களே, நீங்கள் வாழ்ந்தே அறிந்திருக்கின்றீர்கள். அதை எழுத்தில் வைக்கும் முறையே இனிக் கற்க வேண்டுவது.