பெரிய காமிராவா, சட்டைப்பைக் காமிராவா?

ஆனி மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், அல்சூரில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்து ஓர் ஐயத்தை வெளியிட்டார். அவர் தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரினர். பிழைப்பின் பொருட்டுப் பெங்களூர் வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தந்தையார் மறைந்தபோது சுவரில் மாட்டுவதற்கென ஒரு நல்ல படம் வீட்டில் இல்லை. வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படத்தையே பெரிதாக்கி மாலை சூட்டினார்களாம். "அதில் இருப்பது உங்கள் தாத்தா என்று நாங்கள் சொன்னால்தான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது" என்று கூறுகையில் அன்பரின் குரல் கம்மிற்று.

தாயார் ஊரில் இருக்கிறார், எழுபதைக் கடந்தவர். ஆடிப் பதினெட்டுக்கு ஊர் செல்லுமுன் காமிரா ஒன்று வாங்கிவிட வேண்டுமென்று அன்பர் பணம் சேர்த்து வைத்திருந்தார். அவருக்கோ டி.எஸ்.எல்.ஆர். எனப்படும் பெரிய காமிராவின் மேல் ஆசை. இல்லத்தரசியாரோ சட்டைப்பையில் அடங்கும் சிறு காமிராவே போதும் என்கிறார். "பெரியதை வாங்கினால் அது பீரோவில்தான் தூங்கும்" என்பது அம்மையாரின் கட்சி. இவ்விருவரில் யார் கூறுவது சரி என்பதே நம்மிடம் வந்த வழக்கு. இதே வழக்கு வேறு பல இல்லங்களிலும் நடந்துகொண்டிருப்பதை நாம் அறிவோமாதலால், அவருக்குக் கூறியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

காமிரா நம் வீடுகளுக்குப் புதிய பொருளன்று. ஒரு தலைமுறைக்கு முன் வசதியுள்ள உறவினர் எவரேனும் ஒருவர் வீட்டில் அக்பா கிளிக் 3 என்னும் கறுப்புப் பெட்டி இருக்கும். 120 என்னும் எண்ணுடைய பிலிம் சுருளை அதில் இட்டால் பன்னிரண்டு படங்கள் எடுக்கலாம். உதகையில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டிலேயே பிலிம் செய்து விற்றது. அத்தொழிற்சாலையும் மூடப்பட்டுவிட்டது, பிலிம் காலமும் போயிற்று. அந்த எளிய காமிராவுக்கு வெளிச்சம் மிகுதியாக வேண்டும். ஆகவே அனைவரையும் வெயிலில் நிறுத்தியே படம் எடுப்பர். பழைய குடும்பப் படங்களில் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் கண்களைச் சுருக்கிக்கொண்டு நிற்பதன் காரணம் அதுதான், கோபம் அன்று.

இன்றும் வழக்கின் சாரம் வெளிச்சமே. பிலிம் இருந்த இடத்தில் இப்போது ஒளியுணரி என்னும் சிறு தகடு இருக்கிறது. சாதாரணச் சட்டைப்பைக் காமிராவில் இதன் அளவு ஏறக்குறைய 6.2 மில்லிமீட்டருக்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தினும் சிறியது. தொடக்க நிலை டி.எஸ்.எல்.ஆர்.களில், கானன் கருவியாயின் 22.3-க்கு 14.9, நிகான் கருவியாயின் 23.5-க்கு 15.6 மில்லிமீட்டர். பரப்பைக் கணக்கிட்டால் சிறியதைப் போலப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மடங்காகும். மழை பெய்கையில் முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தாற்போன்றதே இது. பெருமழையில் இரண்டும் நிரம்பிவிடும். தூறலில்தான் வேற்றுமை தெரியும்.

பட்டப்பகல் என்பது பெருமழை. 1889-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற லால்பாக் கண்ணாடி மாளிகையில் குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கும் மலர்க் கண்காட்சியில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுப்பதற்குச் சிறு காமிரா தாராளமாகப் போதும். அல்சூர் ஏரிக்கரைக் காட்சிக்கும் அவ்வாறே. ஆனால் நம் இல்லங்களில் படம் எடுக்க விரும்பும் வேளைகள் பகல் வேளைகளா? கார்த்திகை விளக்கு, நவராத்திரிக் கொலு, விடியுமுன் வரும் முகூர்த்தம், குழல்விளக்கு ஒன்றே எரியும் கூடத்தில் குழந்தையின் பிறந்த நாள் ஆகிய யாவும் தூறல் வேளைகளே. சித்திரைப் பௌர்ணமி இரவில் திகளர்பேட்டைத் தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் புறப்படுவதைக் கண்டவர்களுக்கு, அந்தக் கூட்டத்திலும் அந்த ஒளியிலும் சிறு காமிரா படும் பாடு தெரியும். படம் புள்ளி புள்ளியாக விழும். அன்றேல் அசைந்து கலங்கிப்போகும். பிளாஷைப் போட்டால் முகம் வெளுத்து, விளக்கொளி இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

கடைக்காரரிடம் சென்றால் அவர் வேறு கணக்குச் சொல்லுவார். இத்தனை மெகாபிக்சல் என்று எண்ணை அடுக்குவார். கானன் இக்சஸ் 185 என்ற சிறு காமிராவில் 20 மெகாபிக்சல். அதே நிறுவனத்தின் 1500டி என்னும் டி.எஸ்.எல்.ஆரில் 24. பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினெட்டு அங்குலம் என்னும் அளவில் சுவர்ப்படம் அச்சிட, அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் 20 மெகாபிக்சலுக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த எண்ணைக் கொண்டு இரண்டையும் ஒப்பிடுவது, நெல்லின் தரத்தை மூட்டைகளின் எண்ணிக்கையால் அளப்பது போலாகும்.

இங்கே டி.எஸ்.எல்.ஆர். அன்பர்களும் ஒரு செய்தியை மனத்திற் கொள்ள வேண்டும். பெரிய காமிராவை வாங்கியதனாலேயே படம் சிறந்துவிடாது. பெட்டியோடு வரும் 18-55 லென்ஸ் ஒளியை மிகத் தாராளமாக உள்ளே விடுவதன்று. முகத்தை நெருக்கிப் பிடிக்க 55-க்குத் திருப்பினால் அதன் வாய் எப்.5.6 என்னும் அளவுக்குக் குறுகிவிடும். இந்த எண் குறையக் குறைய வாய் அகலம் என்று பொருள். எப்.1.8 அளவுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று தனியே கிடைக்கிறது. லென்ஸ்களில் விலை மலிவானவற்றுள் அதுவும் ஒன்று. அது அந்த 5.6-ஐக் காட்டிலும் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். கூடத்து விளக்கில் நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் வேண்டியிருந்த படத்தை, நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கிலேயே எடுத்துவிடலாம். முன்னதில் குழந்தை தலையைத் திருப்பினால் கலங்கும். பின்னதில் அநேகமாகக் கலங்காது. இந்த லென்ஸை வாங்கும் எண்ணம் இல்லாதவர் டி.எஸ்.எல்.ஆருக்குச் செலவிடும் பணத்தில் பாதி வீண் என்பது நம் கருத்து.

நிகான் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. அந்நிறுவனத்தின் டி3000 வரிசைக் கருவிகளுக்குள் லென்ஸைச் சுழற்றும் மோட்டார் இல்லை. பெயரில் ஏ.எப்.எஸ். அல்லது ஏ.எப்.பி. என்னும் குறி உள்ள லென்ஸ்களே அவற்றில் தாமாகக் குறிபார்க்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய வகையை வாங்கிவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் கையால் திருப்பிக்கொண்டிருப்பவர்களைக் கண்டிருக்கிறோம்.

இனி அம்மையாரின் கட்சிக்கு வருவோம். அதை எளிதில் தள்ளிவிட இயலாது. 1500டி கருவி மின்கலத்தோடு 475 கிராம். லென்ஸ் இன்னும் 200 கிராம். இக்சஸ் 185 மொத்தமே 126 கிராம். பொங்கல் நெரிசலில் இரண்டு பெட்டியும் மூன்று பிள்ளைகளுமாகச் சேலம் பாசஞ்சரில் ஏறியவர்களுக்கு இந்த அரைக் கிலோ வேற்றுமை என்னவென்று தெரியும். பெரிய காமிராவைக் கண்டதும் அனுமதிச்சீட்டுக் கேட்கும் காவலர் உண்டு. கூச்சத்தால் விறைத்து நிற்கும் உறவினரும் உண்டு. கிராமத்துப் பெரியவர்கள் அந்தக் கறுப்புக் குழலை நேரே நீட்டினால், நீதிமன்றக் கூண்டில் ஏறியவர்களைப் போலாகிவிடுவார்கள். சிறு காமிராவிடம் அந்த அச்சம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் அதன் மற்றொரு குறையையும் மறைக்கலாகாது. மங்கலான இடத்தில் அது குறிபார்த்து முடிப்பதற்குள் குழந்தை சிரித்து முடித்திருக்கும்.

கைப்பேசியிலேயே காமிரா இருக்கும்போது இரண்டும் எதற்கு என்று கேட்போர் பலர். நியாயமான கேள்வியே. சிறு ஒளியுணரி கொண்ட சட்டைப்பைக் காமிராவின் தொழிலை இன்றைய நல்ல கைப்பேசி பெரும்பாலும் செய்துவிடுகிறது. அது ஒரே நொடியில் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றாகச் சேர்த்து, இருளின் குறையை ஓரளவு மறைக்கவும் கற்றுக்கொண்டது. சிறு காமிராவிடம் எஞ்சியிருக்கும் பெருமை, தொலைவிலுள்ளதை லென்ஸாலேயே அருகே இழுப்பது. அதிலும் முழுதும் இழுத்த நிலையில் இக்சஸ் 185-இன் வாய் எப்.6.9 ஆகக் குறுகிவிடுவதால், அந்தப் பெருமையும் வெயிலில் மட்டுமே செல்லும். ஆகவே நல்ல கைப்பேசி வைத்திருப்பவர் சாதாரணச் சட்டைப்பைக் காமிராவுக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை என்றே கூறுவோம். இளைஞரிடையே இப்போது பழைய சிறு காமிராக்களின் மேல் மோகம் திரும்பி, அவற்றுக்கு விலையும் ஏறியிருக்கிறது. மோகத்துக்கு மருந்து நம்மிடம் இல்லை.

சுமக்கவும் கூடாது, விளக்கொளியிலும் எடுக்க வேண்டும் என்பவர்க்கு இடைவழி ஒன்று உண்டு. சோனி நிறுவனம் 2012-இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ்.100 என்பது 240 கிராமே நிறையுள்ளது, சட்டைப்பையில் அடங்கும். ஆயினும் அதன் ஒளியுணரி 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், சாதாரணச் சிறு காமிராவைப் போல நான்கு மடங்கு பரப்புடையது. லென்ஸும், இழுக்காத நிலையில், எப்.1.8. இவ்வகைக்குப் புதிதாயின் விலை அதிகம். கைமாறி வருவதைத் தேடலாம்.

டி.எஸ்.எல்.ஆரையும் கைமாறி வருவதாகவே வாங்குமாறு அன்பரிடம் கூறினோம். நிறுவனங்கள் ஆடியில்லாத புதுவகைக் கருவிகளுக்குத் திரும்பிவிட்டன. 2018-இல் வந்த நிகான் டி3500-இன் உற்பத்தியே நின்றுவிட்டது. புதுவகைக்கு மாறுகிறவர்கள் பழையதைக் கொடுத்துவிடுகிறார்கள். அது நமக்கு ஆதாயம். வாங்குமுன் அது எத்தனை படம் எடுத்திருக்கிறது என்ற எண்ணைக் கேட்டறிய வேண்டும். இருபதாயிரம் எடுத்தது இளமை. லட்சத்தை நெருங்கியது முதுமை. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே நூல் நூலாகப் பூஞ்சணம் இருக்கிறதா என்பது தெரியும். இருந்தால் வாங்கக் கூடாது. மழைக்காலத்தில் தோற்பைக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதுதான் பூஞ்சணத்துக்கு விருந்து. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நலம்.

வீட்டில் கற்கும் ஆர்வமுள்ள பிள்ளை ஒருவர் இருந்தால் டி.எஸ்.எல்.ஆர். பக்கம் தராசு இன்னும் தாழும். இந்நகரம் அக்கலைக்குப் பேர்பெற்றது. வனவிலங்குகளைப் படமெடுத்து உலகப் புகழ் பெற்ற டி. என். ஏ. பெருமாள் (1932-2017) இங்கே வாழ்ந்தவர்; தஞ்சாவூரைத் தம் பெயரிலேயே சுமந்தவர். 1971 முதல் நடந்துவரும் யூத் போட்டோகிராபிக் சொசைட்டியும் இந்நகரத்ததே.

தாயாரைப் படம் எடுக்கும் முறையையும் அன்பர் கேட்டார். காலை எட்டு மணிக்குள் திண்ணையில் நிழலிலே உட்காரவைத்து, வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுமாறு செய்து, 50 மில்லிமீட்டர் லென்ஸை எப்.2.8-இல் வைத்து, அருகிலுள்ள கண்ணைக் குறிபார்க்கும்படி கூறினோம். பிளாஷ் வேண்டா. சிரிக்கச் சொல்லவும் வேண்டா. வேறு யாரேனும் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதும். எடுத்ததை இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும். ஒன்றையேனும் அச்சிட்டுவிட வேண்டும்.

ஆடி கழிந்து ஊரிலிருந்து திரும்பிய அன்பர் சென்ற வாரம் படத்தோடு வந்தார். கைமாறிய 1500டி ஒன்றும் அந்த லென்ஸும் வாங்கிக்கொண்டு போயிருந்தாராம். முதலில் படமே வேண்டாமென்று மறுத்த தாயார், பிறகு புடவை மாற்றிக்கொண்டு வருவதாக உள்ளே போனவர் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. வெயில் ஏறிவிட்டது. மறுநாள் காலையில்தான் எடுக்க முடிந்தது. அன்பர் எடுத்த பத்துப் படங்களிலும் அந்த அம்மையார் கூண்டில் ஏறியவராகவே விறைத்திருந்தார். பதினோராவது படத்தில் திண்ணைத் தூணில் சாய்ந்துகொண்டு, கண்ணைச் சுருக்காமல், ஏதோ சொல்ல வாயெடுத்தவராக இருக்கிறார். மிக நன்றாயிருக்கிறதே, இதை எப்படி எடுத்தீர்கள் என்றோம்.

"அதை எடுத்தது நானில்லை, வீட்டில்தான்" என்றார் அன்பர், சற்றே குரலைத் தாழ்த்திக்கொண்டு.