தள்ளிப்போடப்படும் மருந்து

மனச்சிதைவு நோய்க்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வழக்கமான மருந்துகள் போதிய பலன் தருவதில்லை. இருவேறு மருந்துகளை, ஒவ்வொன்றையும் உரிய அளவில் குறைந்தது 6 வாரம் கொடுத்துப் பார்த்த பின்னும் காதில் குரல் கேட்பதும், பிறர் தமக்குத் தீங்கு சூழ்கிறார்கள் என்ற அச்சமும் தணியாதிருந்தால், அதனைச் சிகிச்சைக்கு இணங்காத மனச்சிதைவு என்பர். அந்நிலைக்கு வலுவான சான்றுடன் நிற்கும் மருந்து குளோசபைன். 1988இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், வேறு மருந்துகளால் குணம் காணாதிருந்தவர்களுக்கு இது கொடுக்கப்பட்டபோது 30 விழுக்காட்டினர் 6 வாரத்தில் தேறினர். பழைய குளோர்புரோமசினைப் பெற்றவர்களில் தேறியோர் 4 விழுக்காட்டினரே.

இத்தகைய மருந்து ஏன் தள்ளிப்போடப்படுகிறது என்பதற்கான விடையின் ஒரு பகுதி 1975ஆம் ஆண்டின் பின்லாந்தில் இருக்கிறது. அங்கே இம்மருந்தை உட்கொண்ட சிலரின் ரத்தத்தில், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் திடீரெனக் குறைந்துபோய், தொற்று கண்டு உயிரிழப்புகள் நேர்ந்தன. இவ்விளைவு நூற்றில் ஒருவருக்கும் குறைவானோருக்கே வருவது, அதுவும் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வருவது என்றாலும், அந்த அச்சம் மருத்துவ உலகை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. அதனால்தான் முதல் 6 மாதம் வாரந்தோறும், அடுத்த 6 மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை, பின்னர் மாதந்தோறும் வெள்ளையணுக்களை எண்ணிப் பார்க்கும் முறை பல நாடுகளில் வேரூன்றியது. முதல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 39 முறை ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.

சென்னையின் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் இந்தப் பரிசோதனையைச் செய்யும் லேப்கள் தெருவுக்குத் தெரு உள்ளன. மாத்திரையும் இந்திய நிறுவனங்களே தயாரிப்பது. ஆகவே இங்குள்ள தடை பொருள் கிடைக்காமையன்று, கண்காணிப்பு ஓர் இடத்தில் கூடிவராமையே எனல் பொருந்தும். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும், அதன் கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவி இப்போது அண்ணா நகரில் இயங்கும் ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆய்வு அமைப்பும் நகரின் மறுபக்கத்தில் இருக்க, தென் சென்னையில் பலர் நாடுவது தனி மருத்துவரின் மாலைநேர கிளினிக்கை. அங்கே சீட்டு எழுதுபவர் ஒருவர், மாத்திரை கொடுப்பவர் இன்னொருவர், ரத்தம் எடுப்பவர் மூன்றாமவர். எண்ணிக்கை குறைந்த அன்றே நோயாளியின் வீட்டுக்குப் போன் செய்வது யார் பொறுப்பு என்பது எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. தனியே அந்தச் சுமையை ஏற்கத் தயங்கும் மருத்துவர் பழைய மருந்தின் அளவைக் கூட்டுவதும், இரண்டாவது மூன்றாவது மருந்தைச் சேர்ப்பதும் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் அந்த இடைவெளியில் படிப்பும் வேலையும் கைநழுவுகின்றன. தென் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு இத்தாமதம் சராசரியாக ஏறத்தாழ 4 ஆண்டுகள் என்று கண்டது.

குடும்பத்தின் தயக்கம் வேறு வகையானது. வாரந்தோறும் ஊசி குத்தினால் உடம்பில் ரத்தம் வற்றிவிடும் என்ற கவலை பல வீடுகளில் உண்டு; ஒவ்வொரு முறை எடுப்பதும் சில மில்லி லிட்டர்தான் என்று யாரேனும் பொறுமையாகச் சொன்னாலே அது பாதி தீர்ந்துவிடும். இரவில் தலையணை நனையும்படி எச்சில் வழிவதையும், எடை கூடுவதையும் குடும்பத்தார் உடனே கவனித்து வருந்துகின்றனர். மலச்சிக்கலையோ வாழைப்பழம் கொடுத்தால் சரியாகும் சிறு தொல்லையாகக் கருதிவிடுகின்றனர். குளோசபைன் உட்கொள்பவருக்கு அது குடல் அடைப்பாக முற்றி உயிரையே பறிக்கக் கூடும். ரத்த எண்ணிக்கைக்குக் காட்டும் கவனத்தில் கால்பங்கேனும் இதற்குக் காட்டப்படாதது வருத்தத்துக்குரியது.

2025 பிப்ரவரியில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, ரத்த அறிக்கையை மையப் பதிவேட்டில் காட்டினால்தான் மருந்து கிடைக்கும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. பரிசோதனை தேவை என்ற அறிவுரையை அது கைவிடவில்லை. பதிவேடு அங்கே இடையூறாகிவிட்டதென்றால், இங்கே ஒரு கிளினிக்குக்கு ஒரு செவிலியரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்: யாருக்கு எந்த வாரம் பரிசோதனை, எண் என்ன வந்தது, மலம் கழிகிறதா, மாத்திரை கையிருப்பு எத்தனை நாளுக்கு உள்ளது. கடைசிக் கேள்வி சிறியதன்று. ஊருக்குப் போன இடத்திலோ, கடையில் அட்டை தீர்ந்துபோனதாலோ மாத்திரை இரண்டு நாள் விட்டுப்போனால், நோயாளி பழைய அளவுக்கு நேரே திரும்ப முடியாது, 12.5 மில்லி கிராமில் மறுபடி தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டியிருக்கும்.